தேரிக்காட்டில் ஒரு சபை – 17: பின்கட்டில் நடந்த மிஷன்

சென்ற வாரம் மிஷனரி கால்டுவெல்லைக் கல்கத்தா வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம். 1877 மார்ச் 11-ஆம் தேதி சக மிஷனரி சார்ஜெண்டும் அவரும் ஒரே நாளில் ஆயர்களாக அபிஷேகம் பெற்ற கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. ஆனால் அந்த மேடையில் ஏறும்போது அவர் கையிலிருந்த முதல் என்ன என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், கல்கத்தாவை விட்டு இடையன்குடிக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. 1856-இல் லண்டனில் வெளிவந்த திராவிட ஒப்பிலக்கணம் அவருக்கு உலகப் புகழ் தந்தது, சரி. ஆனால் இலக்கண நூல் எழுதியதற்காக எந்தத் திருச்சபையும் ஒருவரை ஆயராக்கிவிடாது. 1841 கடைசியில் வந்து இறங்கிய மணற்காட்டு ஊரில் 35 ஆண்டுகள் கலையாமல் நின்ற ஒரு சபைதான் அவர் காட்டக்கூடிய உண்மையான தகுதி. அந்தச் சபையைக் கலையாமல் வைத்திருந்தது ஐயரின் பிரசங்கம் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். பங்களாவின் பின்கட்டு என்பது என் கட்சி. இடையன்குடி மிஷன் ஒரு குடும்பம் சேர்ந்து நடத்திய காரியம். அதில் கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மாவின் பங்கைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் ஒரு நல்ல நூலகமும் பாதி கட்டிய கோயிலும்தான்.

எலைசாவைச் சொல்ல ஆரம்பித்தால் நாகர்கோவிலைச் சொல்லாமல் முடியாது. லண்டன் மிஷனரி சங்கமான எல்.எம்.எஸ்.ஸின் மிஷனரி சார்லஸ் மால்ட்டுக்கும் மார்த்தாவுக்கும் மகளாக 1822-இல் அங்கே பிறந்தவர். தோள்சீலைக் கலகத்தின் முதல் அலை கிளம்பியதும் ஏறக்குறைய அதே சமயம்தான். அந்தக் கலகத்தில் மிஷனரி மனைவிகளின் தையல் ஊசிக்கு இருந்த இடம் சின்னதல்ல. மாராப்பு போடக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த சாதிப் பெண்களுக்கு, கழுத்துக்குக் கீழே தளர்வாக மூடும் ஒரு குப்பாயத்தை வெட்டித் தைத்துக் கொடுத்தது அந்த வீடுகள். 1829-இல் திருவிதாங்கூர் அரசு மேல்முண்டை மறுத்துக் குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. சண்டை அடங்காமல் 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வரை இழுத்தது. ஒரு சமஸ்தானமே 30 ஆண்டுக்கு மேல் ஒரு ரவிக்கையைப் பற்றி வழக்காடியது என்றால், அந்த ரவிக்கை தைக்கப்பட்ட அறையை வீட்டு வேலை நடந்த இடம் என்று தள்ளிவிட முடியுமா? அங்கே வளர்ந்த பெண்ணுக்கு, மிஷன் என்பது சட்டம், சாதி, துணி, கூலி எல்லாம் சேர்ந்த ஒன்று என்று யாரும் வகுப்பெடுத்திருக்க வேண்டியதில்லை.

அதே ஊரில் மிஷனரியின் கல்யாணம் அவருடைய சொந்த விஷயமாகவும் இருந்ததில்லை. மால்ட்டின் சக ஊழியர் சார்லஸ் மீட் 1850-களின் தொடக்கத்தில் தேவவரம் முன்ஷியின் மகள் லோயிஸை மணந்தார். தாழ்த்தப்பட்ட குடும்பத்துத் தமிழ்ப் பெண். அதுவரை சமத்துவத்தைப் பிரசங்கித்த சக வெள்ளைக்கார மிஷனரிகள் முகம் சுளித்தார்கள். மீட் எல்.எம்.எஸ்.ஸை விட்டு விலகித் திருவிதாங்கூர் அரசின் கல்வி வேலைக்குப் போனார். இங்கே அவரை இழுத்ததற்குக் காரணம் உண்டு. மிஷனரி யாரை மணக்கிறார் என்பது சங்கத்தின் கவலையாக இருந்தது என்றால், மனைவி வெறும் துணை இல்லை, வேலையின் ஒரு பாகம் என்று சங்கத்துக்கே தெரிந்திருந்தது என்று பொருள். தெரிந்திருந்தும் சம்பளப் பட்டியலில் சேர்க்கவில்லை. கால்டுவெல் ஊழியம் செய்த எஸ்.பி.ஜி. மிஷன் சங்கமும் தன் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியதே 1866-இல். 1844-இல் இடையன்குடிக்கு வந்த எலைசா அதற்குள் 22 ஆண்டு வேலையை முடித்திருந்தார்.

கால்டுவெல் தமிழ் படித்தவர், எலைசா தமிழோடு வந்தவர். இந்த வேறுபாட்டை நம் ஆட்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை. மகாவித்வான்களோடு உட்கார்ந்து செய்யுள் நடையை ஆராய்வதற்கு ஒரு தமிழ் வேண்டும். உச்சி வெயிலில் பதனீர்ச் சட்டி கொதிக்கும் அடுப்படியில் நின்று, ‘உன் மகளைப் போர்டிங் பள்ளிக்கு அனுப்பு’ என்று ஒரு தாயிடம் பேசுவதற்கு வேறு தமிழ் வேண்டும். இந்த இரண்டாவது பேச்சில்தான் ஒரு கிராமச் சபையின் தலையெழுத்து இருந்தது. பனையேறிக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதனீர் இறங்கும் மாதங்களில் ஆண் காலையிலும் மாலையிலும் மரம் ஏறுவான். இறக்கிய பதனீர் புளிப்பதற்குள் காய்ச்சியாக வேண்டும். விறகு பொறுக்குவது, ஓலைச் சருகு சேர்ப்பது, தீயைத் தள்ளுவது, கிண்டுவது, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக எடுப்பது எல்லாம் பெண்கள் பாடு. எட்டு, பத்து வயதுப் பெண் அந்த வீட்டில் ஒரு முழு ஆள். அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வது அடுப்படியிலிருந்து ஒரு ஆளைக் குறைக்கச் சொல்வது. ஆண் மிஷனரி திண்ணையில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி எத்தனை வேதவாக்கியம் சொன்னாலும், முடிவு எடுக்கும் இடம் அடுப்படி. அங்கே அவருக்கு அனுமதி கிடையாது.

தாயைச் சம்மதிக்க வைக்க இரண்டு பொருள் இருந்தன. ஒன்று போர்டிங் சோறு, இன்னொன்று ரேந்தை, அதாவது லேஸ். மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தைப் பின்னலை எலைசா ஆரல்வாய்மொழிக்கு இந்தப்பக்கம் கொண்டுவந்தார். செய்முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். இறுகத் திணித்த ஒரு தலையணை. அதன்மேல் பூ வடிவத்துக்குத் துளையிட்ட தடித்த காகிதம். துளைதோறும் ஒரு குண்டூசி. ஒவ்வொரு நூலும் ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றித் தொங்கும். நான்கு கட்டைகளை எடுத்து, ஒன்றை ஒன்று தாண்டவைத்து, முறுக்கி, ஊசியில் மாட்டி, அடுத்த நான்கு. அகலமான பூவேலை என்றால் கட்டைகள் பல டஜன். அத்தனையும் சிக்காமல் கை ஓடவேண்டும். விரல் வேர்த்தால் வெள்ளை நூல் கறுக்கும், கறுத்த ரேந்தை விலைபோகாது. தேரி மணல் பறக்கிற ஊரில், கருப்பட்டிப் புகை படிந்த கைகளைக் கழுவிக்கொண்டு இதற்கு உட்கார்ந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பயிற்சி என்ன மாதிரிக் கண்டிப்போடு நடந்திருக்கும் என்பது புரியும். பின்னிய பெண்ணுக்குக் கையில் காசு வந்தது. பனை தராத மாதத்திலும் வந்தது.

இதற்கு ஒரு பதில் வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. சீமாட்டிகளின் கழுத்துப் பட்டைக்காக ஏழைச் சிறுமிகளின் கண்ணைக் கெடுத்தார்கள், மலிவான கூலிக்குப் பக்தி என்று பெயர் சூட்டினார்கள் என்பது அந்த வாதம். விலையை நிர்ணயித்தது வாங்குகிறவர்கள்தான், பின்னியவர்கள் இல்லை, இதை மறுப்பதற்கில்லை. போர்டிங் பெண்களின் நாள் முழுதும் மணியடித்து நடந்தது என்பதும் உண்மை. ஆனால் ஒப்பிட வேண்டியது எதோடு? அடுப்படி வேலைக்குக் கூலியே கிடையாது. திருவிதாங்கூரில் அடிமைப் பெண்கள் ரேந்தைக் காசைச் சேர்த்துத் தங்களை விலைகொடுத்து மீட்டுக்கொண்டதை எல்.எம்.எஸ். பதிவுகள் சொல்கின்றன. அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-இல். கம்பெனி சீமையான இடையன்குடியின் நிலைமை அதுவல்ல என்பதால் அந்தக் கதையை அப்படியே இங்கே ஒட்டுவது தவறு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: அந்தக் காசு பெண்ணின் பெயரில் வந்தது, அவள் முடிவெடுக்கக்கூடிய காசாக இருந்தது. பிரசங்கத்தால் அதைக் கொடுக்க முடிந்ததில்லை.

இன்னொரு ஆட்சேபம் சான்றுகளைப் பற்றியது. கால்டுவெல்லின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் வெளியிட்ட ஜே.எல். வயட் யார்? எஸ்.பி.ஜி. மிஷனரி, அதோடு கால்டுவெல்லின் மருமகன். மகள் இசபெல்லாவின் கணவர். மால்ட் வீட்டிலிருந்து கால்டுவெல் வீடு, அங்கிருந்து வயட் வீடு என்று மூன்று தலைமுறையாகப் பெண்கள் வழியே மிஷன் நகர்ந்திருக்கிறது. குடும்பத்தின் பெருமையைக் குடும்பமே எழுதிவைத்தால் நம்பலாமா என்று கேட்பது நியாயம். நான் அதையே திருப்பிக் கேட்கிறேன். குடும்பத்தார் எழுதிய அந்தப் புத்தகத்துக்கும் நாயகர் ஒருவர்தான், அவர் பிஷப். பெருமைப்படுத்த நினைத்திருந்தால் எலைசாவுக்கு இன்னொரு புத்தகம் போட்டிருக்கலாம். ஆகவே வேலை செய்த கைகளைத் தேட வேண்டிய இடம் பள்ளி, பின்னல், சபை என்று மிச்சமிருக்கும் காரியங்கள். பக்கத்து மெஞ்ஞானபுரத்திலும் இதே கதைதான். விண்ணைத் தொடும் கோபுரத்துக்கு ஜான் தாமஸின் பேரைச் சொல்கிறோம். பெண்கள் பள்ளி என்றால்தான் மேரி தாமஸ் ஞாபகத்துக்கு வருகிறார்.

கால்டுவெல்மீது எனக்குள்ள மனத்தாங்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1849-இல் பனையேறி மக்களைப் பற்றி அவர் போட்ட சிறுநூல் இருக்கிறதே, அது மன்னிக்கத்தக்கதாக எனக்குத் தோன்றவில்லை. பிழைப்பை நுணுக்கமாகக் கவனித்தவர், மனிதர்களைப் பற்றி எழுதும்போது வெள்ளைக்காரத் துரையாகிவிட்டார். லண்டனில் காணிக்கை திரட்ட எழுதியது, அந்தக் காலத்து நடை அப்படி என்றெல்லாம் சமாதானம் சொல்வார்கள். அந்த மக்களில் படித்தவர்கள் அன்றைக்கே கொதித்தார்கள். எதிர்ப்பு அவருடைய முதுமை வரை ஓயவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகளோடு மோதிய சட்டாம்பிள்ளை 1857-இல் பிரகாசபுரத்தில் தனிச்சபையே கண்டார். சபை மக்கள் ஆடு மாதிரி பின்னால் போனவர்கள் என்று எண்ணுகிறவர்கள் அந்த ஒரு சம்பவத்தைப் பார்த்தால் போதும். பிடிக்காவிட்டால் எழுந்து போகத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் நடுவே, அவர்களை இழிவாக எழுதியவரின் சபை எப்படி நின்றது என்பதற்கு ஏதாவது விளக்கம் வேண்டாமா? அச்சில் வந்தது ஆங்கிலம். ஊரில் நாள்தோறும் கேட்டது பின்கட்டுத் தமிழ். முழு விளக்கம் இதுதான் என்று சாதிக்கமாட்டேன். ஆனால் இதை விட்டுவிட்ட விளக்கம் எதுவும் எனக்குப் போதவில்லை.

இந்த இடத்தில் உபதேசியார்களின் குடும்பங்களை மறந்துவிட்டீரே என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். சுற்றுக் கிராமங்களில் ஓலைக் கூரைக்குக் கீழே தினமும் ஜெபம் நடத்தியவர்கள் ஐயரும் இல்லை, ஐயரம்மாவும் இல்லை. உபதேசியாரும் அவர் மனைவியும்தான். ஊதியம் சொற்பம், ஏச்சு தாராளம். இதனால் என் வாதம் இன்னும் பலப்படுகிறது என்றே நினைக்கிறேன். அந்த மனைவிகளில் பலர் போர்டிங்கில் படித்துவிட்டுப் போனவர்கள். பங்களாவில் பார்த்த வீட்டு முறையைத் தங்கள் குடிசையில் நடத்தினார்கள்: எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவது. ஒரு வீடு பல வீடுகளாகப் பெருகியதுதான் சபை. மிஷனரி அறிக்கைகள் ஞானஸ்நானத்தை எண்ணின. இந்தத் திண்ணைகளை எண்ண அவற்றில் பத்தி கிடையாது.

ஆனாலும் கால்டுவெல்லுக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிடலாம். திரித்துவக் கோயிலுக்கு 1847-இல் அடிக்கல் போட்டார். பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலையில், 33 ஆண்டு கழித்து. கல்லில் கோதிக் வேலைப்பாடு நம் கொத்தர்களுக்குப் பழக்கமில்லை என்று, ஜன்னலுக்கும் வாசலுக்கும் களிமண்ணில் தன் கையாலேயே மாதிரி பிடித்துக் கொடுத்தார். பிடிவாதக்காரர், உழைப்பாளி, சந்தேகமில்லை. 1968-இல் மெரினாவில் சிலை வைத்தோம். 2011-இல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக்கியது. அந்த வீட்டில் குடித்தனம் நடத்தியவரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கால்டுவெல் 1891 ஆகஸ்டில் கோடைக்கானலில் காலமானார். எலைசா 1899 வரை இருந்தார்.

பாருங்கள், இடம் தீர்ந்துவிட்டது, கல்கத்தா வாசலை இன்னும் தாண்டவே இல்லை. தாதுவருஷப் பஞ்சம் அபிஷேகம் நடந்த ஆண்டிலேயே தென்னாட்டைப் பிடித்து உலுக்கியதையும், புது ஆயர் ஊர் திரும்பியதும் கஞ்சித்தொட்டிக்கும் ஞானஸ்நானத் தொட்டிக்கும் நடுவே மாட்டிக்கொண்டதையும் அபிஷேகத்தோடு சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன். பஞ்சத்தில் சேர்ந்தவர்கள் சோற்றுக்காகச் சேர்ந்தார்களா என்ற பழைய வழக்கையும் அங்கே எடுத்தாக வேண்டும். அதற்கும் பின்கட்டுப் பக்கமிருந்துதான் பதில் தேடப்போகிறேன் என்று இப்போதே எச்சரித்து வைக்கிறேன்.

(தொடரும்)