சரக்கு வந்ததும் சோதனை... மூலப்பொருள் தரத்தை இஆர்பி மென்பொருளில் பூட்டுவது எப்படி?

2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்து தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் 48.6% டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1% மட்டுமே.

எந்த ஆலையாக இருந்தாலும் இதில் முதல் கேள்வி ஒன்றுதான். குடோனுக்குள் வந்த டிரம்மை யார் சோதித்தது? அந்தச் சோதனை முடியாமல் சரக்கு உள்ளே போக வழி இருந்ததா?

டிரம்முக்குள் என்ன பிரச்னை?

இருமல் சிரப்புகளில் கரைப்பானாகச் சேர்க்கப்படுவது புரோப்பிலீன் கிளைக்கால். பார்க்க நிறமில்லாத, லேசான இனிப்புள்ள, கொழகொழப்பான திரவம். டை எத்திலீன் கிளைக்காலும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பிரேக் ஆயில் போன்ற தொழிற்சாலைப் பொருட்களில் பயன்படுவது, உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ இரண்டையும் பிரிக்க முடியாது. லேப் சோதனை ஒன்றே வழி.

இது புதிய ஆபத்தும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே ரசாயனம் கலந்த மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கு மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. 2022-ல் காம்பியா நாட்டிலும் இதே கதை. 2023-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை வரும்போது ஒவ்வொரு டிரம்மையும் சோதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. பத்து டிரம் வந்தால் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மீதிக்கும் 'ஓகே' போடுவது இங்கே செல்லாது.

மென்பொருள் இதில் என்ன செய்யும்?

உண்மையைச் சொன்னால், மென்பொருள் எதையும் சோதிக்காது. சோதனை முடியாத சரக்கைக் கணக்கில் ஏற்ற விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம். உற்பத்திக்கு அவசரம், லாரி வாசலில் நிற்கிறது, லேப் ஆள் லீவு. இப்படிப்பட்ட நாளில்தான் விதி மீறப்படும். அப்போது 'முடியாது' என்று சொல்ல மேலாளருக்குத் தயக்கம் இருக்கலாம், கணினிக்கு இருக்காது.

மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் என்ற திறந்த மூல மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சிறு, நடுத்தர நிறுவனங்கள் பயன்படுத்துவது. எஸ்ஏபி போன்ற பெரிய மென்பொருட்களிலும் தத்துவம் இதேதான். பெயர்கள் மட்டும் மாறும்.

எப்படி அமைப்பது?

முதலில் 'குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் டெம்ப்ளேட்' ஒன்றை உருவாக்க வேண்டும். எதை எதைச் சோதிக்க வேண்டும், எந்த அளவு வரை ஏற்கலாம் என்ற பட்டியல் இது. டை எத்திலீன் கிளைக்கால் என்ற வரிக்கு 'நியூமெரிக்' என்பதை டிக் செய்து, குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 0.1 என்று கொடுத்தால், 0.1-ஐத் தாண்டும் அளவீட்டை மென்பொருளே நிராகரிக்கும்.

எண் இல்லாத சோதனைகளில் கொஞ்சம் கவனம் தேவை. தோற்றம் என்ற வரிக்கு 'தெளிவான திரவம்' என்று கொடுத்திருந்தால், சோதிப்பவரும் எழுத்து பிசகாமல் அதையே டைப் செய்ய வேண்டும். 'தெளிவாக உள்ளது' என்று எழுதினால் நல்ல சரக்கும் நிராகரிக்கப்படும். இரண்டு நாளில் லேப் ஆட்கள் எரிச்சலாகி, 'இதை எடுத்துவிடுங்க சார்' என்பார்கள். 'சரி', 'சரியில்லை' என்று சின்னச் சொற்களாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து பொருளின் பக்கத்துக்குப் போய், 'இன்ஸ்பெக்‌ஷன் ரிக்வயர்டு பிஃபோர் பர்சேஸ்' என்பதை டிக் செய்து, டெம்ப்ளேட்டை இணைக்க வேண்டும். 'ஹேஸ் பேட்ச் நம்பர்' டிக்கையும் போட்டுவிட வேண்டும். அது ஏன் என்பது கடைசியில்.

எல்லோரும் தவறவிடும் இடம்

'ஸ்டாக் செட்டிங்ஸ்' பக்கத்தில் இரண்டு கேள்விகள் இருக்கும். சோதனை அறிக்கை சமர்ப்பிக்கப்படாவிட்டால் என்ன செய்ய? சோதனையில் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்ய? இரண்டுக்கும் 'ஸ்டாப்', 'வார்ன்' என இரண்டு விடைகள். 'வார்ன்' என்று வைத்தால் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வரும், மூடிவிட்டு மேலே போய்விடலாம். தினமும் வரும் பெட்டியை நாலாவது நாளில் யாரும் படிக்கப் போவதில்லை. மருந்து, உணவு மூலப்பொருட்களுக்கு இரண்டு இடத்திலும் 'ஸ்டாப்' தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது.

சரக்கு வந்ததும் 'பர்சேஸ் ரெசிப்ட்' போட்டு சேவ் செய்து, அங்கிருந்தே குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனை உருவாக்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் 10 அளவீடுகள் பதிய இடம் உண்டு. டிரம்முக்கு ஒரு அளவீடு என்று வைத்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் டிரம் இருந்தால் ரசீதில் வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். அறிக்கை 'அக்செப்டட்' ஆனால்தான் ரசீதைச் சமர்ப்பிக்க முடியும். தேறாத அளவை 'ரிஜெக்டட் வேர்ஹவுஸ்' என்ற தனிக் கிடங்குக்கு ஒதுக்கலாம்.

லேப் முடிவு வரச் சில நாட்கள் ஆகும் என்றால்? அதுவரை சரக்கு குடோனில் இருக்கும், கணக்கில் இருக்காது. இது குழப்பத்துக்கு வழி. இந்த நிலையில் சில நிறுவனங்கள் வந்த சரக்கைத் தடுப்புக் கிடங்கு ஒன்றில் வரவு வைத்து, சோதனை முடிந்த பிறகே முதன்மைக் கிடங்குக்கு 'ஸ்டாக் என்ட்ரி' மூலம் மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் 'இன்ஸ்பெக்‌ஷன் ரிக்வயர்டு' டிக் இருக்க வேண்டும்.

டேலி மட்டும் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களும் தனி குடோன் ஒன்றைத் திறந்து இதே பழக்கத்தைக் கொண்டுவரலாம். பூட்டு இருக்காது, கணக்காவது தெளிவாக இருக்கும்.

பின்வாசல்கள் உண்டா?

உண்டு. டிக் போடாத 'மெட்டீரியல் ரெசிப்ட்' வகை ஸ்டாக் என்ட்ரி மூலம் சோதனை இல்லாமலே சரக்கை ஏற்ற முடியும். புதிதாக ஒரு பொருள் குறியீடு உருவாக்கி டிக் போடாமல் விட்டாலும் அதே நிலைதான். எனவே பொருள் உருவாக்கும் அனுமதியும், ஸ்டாக் என்ட்ரி அனுமதியும் யார் கையில் இருக்கின்றன என்று பார்ப்பது முக்கியம். கொள்முதல் செய்பவரே சோதனை அறிக்கையையும் சமர்ப்பிக்க முடிந்தால் முழு ஏற்பாடும் வீண்.

இதைவிடப் பெரிய பின்வாசல் சப்ளையர் தரும் பகுப்பாய்வுச் சான்றிதழ். அதிலிருக்கும் எண்ணை அப்படியே பார்த்து டைப் செய்தாலும் மென்பொருள் 'அக்செப்டட்' என்றே காட்டும். லேப் கருவி தரும் அறிக்கையை ஒவ்வொரு முறையும் இணைப்பாகப் போடச் சொல்வது இதற்கு ஓரளவு கடிவாளம்.

அமைத்து முடித்ததும் ஒருமுறை ஏமாற்றிப் பாருங்கள். 0.1 இருக்க வேண்டிய இடத்தில் 5 என்று போட்டு ரசீதைச் சமர்ப்பிக்க முயலுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டும் பாருங்கள். இரண்டில் ஒன்று உள்ளே போனாலும் அமைப்பை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பேட்ச் எண் எதற்கு என்றால், சந்தைக்குப் போன பிறகு சந்தேகம் வந்தால், அந்த டிரம்மிலிருந்து எந்தெந்த தயாரிப்பு வந்தது, அது எந்தெந்த ஊருக்குப் போனது என்று தேட அதுதான் நூல். உற்பத்திப் பதிவிலும் விற்பனையிலும் பேட்ச் எண் ஏற்றப்பட்டிருந்தால் இந்தப் பட்டியல் சில நிமிடங்களில் கையில் கிடைக்கும். இல்லையென்றால் பழைய நோட்டுகளைப் புரட்ட வேண்டியதுதான், அதுவரை பாட்டில்கள் கடைகளில் விற்றுக்கொண்டே இருக்கும்.