விளக்கெரித்த ஆயர் குடி

திருச்சிற்றம்பலம்

உயிர்களைப் பசு என்றும், அவற்றைக் கட்டியுள்ள தளையைப் பாசம் என்றும், அத்தளையை அவிழ்த்தருளும் தலைவனைப் பதி என்றும் வகுத்துக் கூறுவது நம் சைவ சித்தாந்தம். இறைவனுக்குப் பசுபதி என்னும் திருநாமம் அமைந்ததும் இதுபற்றியே. ஆகவே, ஆனிரை காக்கும் தொழில் நம்மனோர்க்கு எளியதொரு தொழிலன்று. இறைவன் செய்தருளும் தொழிலின் நிழலென்றே கொள்ளத்தக்கது. திருமங்கலத்து ஆனாயர் பசுக்களை மேயவிட்டு வேய்ங்குழலில் திருவைந்தெழுத்தை ஓதி உய்ந்தார். திருச்சேய்ஞலூர் விசாரசருமர் ஆன்களை மேய்த்து, அவை சொரிந்த பாலால் இறைவனை ஆட்டிச் சண்டேசுர பதம் பெற்றார். சாத்தனூரில் உயிர்நீத்த மூலன் என்னும் இடையனைச் சுற்றி நின்று பசுக்கள் கதறிய துயரத்தைத் தீர்க்கவே சிவயோகியார் ஒருவர் அவ்வுடம்பிற் புகுந்து திருமூலர் ஆயினார் என்பதும் அன்பர்கள் அறிந்ததே.

நம் புதுக்கோட்டைச் சீமையும் ஆன் மகிமையால் சிறந்தது. திருக்கோகர்ணம் என்னும் பெயர்க்குப் பசுவின் செவி என்பது பொருள். சாபமுற்ற காமதேனு தன் செவியிற் கங்கை நீரைக் கொணர்ந்து அங்கு நாள்தோறும் இறைவனை ஆட்டி வழிபட்டதென்றும், அதன் அன்பைச் சோதிக்க இறைவன் வேங்கையாய் வழிமறித்த இடமே திருவேங்கைவாசல் என்றும் தலவரலாறு கூறும். வேங்கையின் வாய்ப்பட்ட நிலையிலும், பூசை முடித்து மீண்டு வருவேன் என்று சொல்லிச் சென்ற அப்பசு, சொன்ன சொல் தவறாது மீண்டது. சொல் தவறாமை என்னும் இவ்வறத்தை அன்பர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். இக்கட்டுரை முடிவில் அது மீண்டும் வரும்.

இம்மலரில் திருப்பணிக்குப் பொருள் ஈந்த பெருமக்கள் பலருடைய பெயர்கள் அச்சேறியுள்ளன. அஃது ஆன்றோர் வழக்கே. ஆயினும், பொருள் ஈந்தவர் ஒருவராக, அப்பொருளைக் காத்து அறத்தை நாள்தோறும் நடத்தியவர் வேறொருவராக இருந்தமையும் உண்டு. அங்ஙனம் நடத்தியவர்களுள் ஒரு குடியின் வரலாற்றைச் சொல்வதே என் நோக்கம். அக்குடி என் குடியே. தற்பெருமை பேச யான் இதனை எழுதவில்லை. முப்பதாண்டுகட்கு முன் யான் எழுதிய பிழையொன்றைத் திருத்தவே எழுதுகிறேன்.

முதற்கண், கோயில்களில் நந்தாவிளக்கு எரிந்த முறையை அறிதல் வேண்டும். சோழர் காலத்தில் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டுமென விரும்பியவர், பெரும்பாலும் 96 ஆடுகளைக் கோயிலுக்கு அளித்தனர். சிலவிடங்களில் இத்தொகை 90 எனவும் காணப்படும். இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் வழங்கும். சாகாத ஆடும் முதிராத ஆடும் உலகில் உண்டோ எனின், இல்லை. கிடையில் ஓர் ஆடு இறப்பின் அதன் குட்டி அவ்விடத்தை நிரப்பும். ஆகலின் எண்ணிக்கை என்றும் குறையாது என்பதே கருத்து. ஆடுகளை ஏற்றுக்கொண்ட ஆயரை மன்றாடி என்பர். அவர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலில் அளத்தல் வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழியாகலின், ஆண்டொன்றுக்கு 365 உழக்கு, அதாவது 91¼ நாழி நெய் ஒரு விளக்குக்குச் செல்லும். மிகுந்த பாலும் பெருகிய குட்டிகளும் மன்றாடிக்குரியன. நோயோ பஞ்சமோ வந்து ஆடுகள் மடிந்தாலும் நெய்க்கடன் மடியாது. இழப்பு முழுவதும் ஆயன் தலையிலேயே விழும். சந்திராதித்தர் உள்ளவரை என்று கல்லில் எழுதிய தருமத்தின் பாரம் இவ்வாறு ஓர் எளிய குடியின் தோளில் ஏற்றப்பட்டிருந்தது.

தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் இம்முறை விரிவாகக் காணப்படுகிறது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்பது அங்குக் கண்ட கணக்கு. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடும், ஓர் எருமைக்கு மூன்று பசுவும் ஈடாம். கால்நடையை ஏற்ற ஆயர்களின் பெயரும் அக்கற்களில் உள்ளன. அவர்க்குப் பிணையான உறவினர் பெயரும் உள்ளன. மேலைநாட்டார் தம் முன்னோரைத் தேடுங்கால் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவர். நம் ஆயர் குடிகட்கு அத்தகைய ஏடுகள் இல்லை எனினும், அரசன் கோயிற் சுவரில் அண்ணன் தம்பியரோடு பெயர் பொறிக்கப்பெற்ற பேறு அவருள் சிலர்க்கு வாய்த்தது.

குடுமியான்மலை முதலாக நம் மாவட்டத்துக் கோயில்களிலும் விளக்குத் தருமம் கூறும் கல்வெட்டுகள் பல உள. புதுக்கோட்டைச் சமத்தானத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைத் தொகுத்து 1929-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். யான் திருமடத்தில் தமிழ் பயின்று ஊர் மீண்ட காலத்து, அந்நூலைக் கையில் ஏந்திக் கோயில் கோயிலாகச் சுற்றுவதே எனக்குப் பெருங்களிப்பாக இருந்தது. எங்கள் குடியினர் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர். அறுவடை முடிந்த வயல்களில் இரவிற் கிடை போட்டு, அதற்குக் கூலியாக நெல் பெற்றவர். எங்கள் குடி விளக்குக் குடி, எங்கள் முன்னோர் காத்த விளக்கு ஒருநாளும் அவிந்ததில்லை என்று என் பாட்டியார் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். ஒருநாள் ஒரு கோயிற் சுவரில், சோழர் காலத்து விளக்குக் கல்வெட்டொன்றில், மன்றாடி ஒருவர் பெயரைக் கண்டேன். என் ஓட்டனார், அதாவது என் பாட்டனாருக்குப் பாட்டனார், பெயரும் அதுவே. அடுத்து அம்மன்றாடி வாழ்ந்த ஊரின் பெயர் இருந்தது. அதன் எழுத்துகள் நான்கு சிதைந்திருந்தன. ஆசை மிகுதியால் அந்நான்கையும் எங்கள் ஊர்ப் பெயராக நிரப்பிப் படித்துக்கொண்டேன். ஆயிரம் ஆண்டாக அறாத விளக்குக் குடி எங்கள் குடி என்று, அப்பொழுது வெளிவந்த குடமுழுக்கு மலரொன்றில் எழுதியும் விட்டேன். உறவினர் மகிழ்ந்தனர். அக்கட்டுரையைச் சட்டமிட்டு வீட்டிற் மாட்டினாரும் உளர்.

பின்னர்ச் சில ஆண்டுகள் கழித்து, கல்வெட்டுப் பயிற்சி மிக்க நண்பர் ஒருவர் அக்கல்லைத் தூய்மை செய்து மைப்படி எடுத்தார். சிதைந்த இடத்தில் எழுத்துகளின் கீழ்ப்பகுதி தெளிவாக விழுந்தது. அஃது எங்கள் ஊரன்று. வேறொரு நாட்டைச் சார்ந்த வேறோர் ஊர். யான் அன்று நாணினேன். நாணம் தெளிந்தபின் ஆராய்ந்து பார்க்கையில், ஊர்ப்பெயர் ஒத்திருந்தாலும் என் முடிபு நிலைத்திராது என்பது புலனாயிற்று. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுதல் நம்மவர் வழக்கம். பெயரன் என்ற சொல்லே அதற்குச் சான்று. ஆகவே ஒரே பெயர் பல குடிகளிலும் பல நூற்றாண்டுகளிலும் திரும்பத் திரும்ப வரும். தலைமுறைக்கு 30 ஆண்டு எனக் கொண்டால், ஆயிரம் ஆண்டில் 33 தலைமுறைகள் கழிந்திருக்கும். அவற்றுள் யான் பெயர் சொல்ல வல்லவை ஐந்தே. எஞ்சியவற்றை என் ஆசையல்லது வேறெதுவும் இணைக்கவில்லை. மேலும், ஆயர் புல்லையும் நீரையும் பின்தொடர்ந்து ஊர் பெயர்பவர். ஓரூரில் ஆயிரம் ஆண்டு அசையாதிருந்தார் என்பது அத்தொழிலுக்கே பொருந்தாது.

கல் கைவிட்டபின் வீட்டை நாடினேன். பரணில் இருந்த பழம்பெட்டியில் ஓலைகள் சில கிடைத்தன. பெரும்பாலானவை செல்லரித்தவை, ஒன்று மட்டும் முழுமையாக இருந்தது. அஃது ஈசுவர ஆண்டில் எழுதப்பட்ட ஈட்டோலை. அன்பர்கள் அவ்வாண்டின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதற்கு முந்திய தாது ஆண்டிலேதான், அதாவது 1876-77-இல், தென்னாட்டைப் பெரும்பஞ்சம் பற்றிக்கொண்டது. இன்றும் முதியோர் தாது வருடப் பஞ்சம் என்று அதனை அஞ்சிச் சொல்வர். கண்மாய்கள் வறண்டன, மக்கள் மடிந்தனர், புல்லின்றிக் கால்நடை எண்ணிறந்து வீழ்ந்தன. மழையையும் கண்மாயையுமே நம்பிய நம் சீமையில் ஆயர் குடியின் நிலை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

அவ்வோலையில் என் ஓட்டனார், தமக்குரிய சிறு புன்செய்யையும், மனையாளின் தாலி நீங்கலான பொன்னையும் ஈடாக வைத்து, 22 உருப்படி ஆடு வாங்கப் பணம் பெற்றதாக எழுதியிருந்தது. எதன்பொருட்டு எனின், கோயிலில் நின்றுபோன விளக்கை மறுபடி ஏற்றும்பொருட்டு என்றிருந்தது. இச்சொற்களைப் படித்த அன்று யான் நெடுநேரம் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். விளக்கு ஒருநாளும் அவிந்ததில்லை என்று பாட்டியார் சொன்னது உண்மையன்று. விளக்கு அவிந்தது. கிடை அழிந்தது, நெய் நின்றது, சில திங்களேனும் சந்நிதி இருண்டிருந்தது. அதனை மறைக்க அவர் முயன்றாரில்லை. நின்றுபோன விளக்கு என்று வெளிப்பட எழுதுவித்துக் கையெழுத்திட்டார். ஈட்டைத் திருப்பிய செய்தி ஓலையின் புறத்தே வேறொரு கையெழுத்தில் குறிக்கப்பட்டுள்ளது. அதனால் கடன் தீர்ந்தமையும் அறியலாகும்.

வீட்டோலையை மட்டும் நம்புதல் ஆராய்ச்சி நெறியாகாது ஆகலின், அரசாங்கப் பதிவேடுகளையும் நாடினேன். 1878-இல் புதுக்கோட்டைத் திவானாகப் பொறுப்பேற்ற சேஷையா சாத்திரியார் காலத்தில், 1888-இல் இனாம் நிலங்கள் ஒழுங்குசெய்யப்பட்டன. கோயில் ஊழியத்துக்கும் தருமத்துக்கும் விடப்பட்ட மானியங்கள் அப்பொழுது பதிவாயின. அவ்வாறு எழுதிய கணக்கில், எங்கள் ஊர்க் கோயிலில் விளக்குக்கு நெய் அளக்கும் ஊழியத்துக்குரிய சிறு மானியமொன்று என் பூட்டனார் பெயரில் இருக்கக் கண்டேன். ஓட்டனார் பெயர் அங்கு இல்லை. ஆகவே, ஈசுவர ஆண்டுக்கும் 1888-க்கும் இடையே அவர் சிவனடி சேர்ந்தாராதல் வேண்டும். அன்றேல் முதுமையால் ஊழியத்தை மகனிடம் ஒப்புவித்திருத்தல் கூடும். நூறாண்டு வாழ்ந்தார் என்று குடும்பத்தில் வழங்கும் கதைக்கு இதனால் ஆதரவில்லை. ஆனால் ஒன்று உறுதியாயிற்று. அவர் மீட்ட விளக்கை அவர் மகன் தொடர்ந்து காத்தார் என்பதற்கு அரசாங்கக் கணக்கே சான்றாக நிற்கிறது. ஓலையும் பதிவேடும் ஒன்றையொன்று அறியாதவை. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்லுகின்றன. இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்?

அதன்பின் காலம் மாறியது. 1948-இல் சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கோயிலுக்கு மின்விளக்கு வந்தது. எந்தை தம் கிடையை விற்று, அப்பொருளில் என்னைத் திருமடத்துக்குத் தமிழ் கற்க அனுப்பினார். ஆடு மேய்த்த குடியில் ஏடு படிக்கும் ஒருவன் தோன்றியது அக்கிடையின் விலையால் என்பதை யான் மறத்தற்கில்லை.

ஆகவே முன்னர் எழுதிய மலரில் யான் கூறிய ஆயிரம் ஆண்டுப் பெருமையை இம்மலரில் நீக்கிக்கொள்கிறேன். எங்கள் குடிக்குச் சான்றுள்ள வரலாறு ஐந்து தலைமுறையே. ஆயினும் இழந்தது சிறிது, பெற்றது பெரிது என்றே கருதுகிறேன். கல்லில் கண்ட மன்றாடியின் பெயரை மட்டுமே அறிவேன். ஓட்டனாரின் உள்ளத்தை அறிவேன். அவியாத விளக்கைக் காப்பது வளமான காலத்தில் எவர்க்கும் இயலும். அவிந்த விளக்கை வறுமையில் மீண்டும் ஏற்றுவதற்குக் காமதேனுவின் உறுதி வேண்டும். வேங்கையின் முன் சொன்ன சொல்லைக் காக்க அது மீண்டு வந்தது. பஞ்சத்தின் முன் தம் முன்னோர் சொன்ன சொல்லைக் காக்க இவரும் மீண்டு வந்தார்.

அன்பர்கட்கு ஈண்டு இரண்டு விண்ணப்பங்கள். உங்கள் இல்லத்துப் பரணில் ஓலையோ பழம்பத்திரமோ இருப்பின், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடாதீர்கள். படிக்க வல்லாரிடம் காட்டுங்கள். நீங்கள் கேட்டு வளர்ந்த கதைக்கு அஃது மாறாக இருப்பினும் அஞ்சவேண்டா. மற்றொன்று, திருப்பணி செய்வோர்க்கு. மணல் வீச்சும் சுண்ணமும் வண்ணமும் கல்வெட்டின் எழுத்தை அழிப்பன. கல்லைப் பெயர்த்து அடுக்குங்கால் எழுத்துள்ள முகத்தைச் சுவரினுள் மறைத்துவிடுதலும் நேர்கிறது. அவ்வெழுத்துகளுள் ஏதோவோர் ஆயன் பெயர் இருக்கும். அஃது என் முன்னோன் பெயரன்று. ஆயினும் எவரோ ஒருவர்தம் முன்னோன் பெயராதல் கூடும். அவர் தேடி வருங்கால் அக்கல் அவர்க்கு உண்மையைச் சொல்லும்படி இருத்தல் வேண்டும்.

குடமுழுக்கு நிறைவுற்ற அன்று மாலை, சந்நிதியில் ஓர் உழக்கு நெய்யால் ஒரு விளக்கேற்ற எண்ணியுள்ளேன். கிடை இல்லை, நெய் கடையிற் பெற்றதே. ஆயினும் அளவு மட்டும் பழைய அளவாகவே இருக்கும். திருவருள் கூட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்