ராஜா சூரானின் கோட்டைகள்: ஒரு மலாய்ப் பழங்கதையின் வரலாற்றுத் தடங்கள்

‘செஜாரா மெலாயு’ மலாய் அரச மரபின் முதன்மையான வரலாற்று நூல். ‘சுலாலத்துஸ் சலாத்தின்’ என்பது அதன் மற்றொரு பெயர். 1612இல் ஜொகூர் அரசவையின் ஆணைப்படி எழுதப்பட்டதாக அதன் முன்னுரை கூறுகிறது. தொகுத்தவர் ஜொகூரின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் ஸ்ரீ லானாங் என்பது மரபு. சீனத்தை வெல்ல கெலிங் நாட்டிலிருந்து, அதாவது தென்னிந்தியாவிலிருந்து, பெரும்படையுடன் கிளம்பிய ராஜா சூரானின் கதை அந்நூலின் தொடக்கப் பகுதியில் வருகிறது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் படையெடுப்பின் நினைவு அக்கதைக்குள் இருப்பதாக வரலாற்றாசிரியர் பலர் கருதினர். அதனால் அதில் வரும் கோட்டைகளைத் தேடும் முயற்சியும் தொடங்கியது.

கதையில் வரும் இடங்கள்

சூரானின் படை முதலில் கங்கா நெகாராவை அடைகிறது. அதன் மன்னன் கங்கா ஷா ஜோஹான். முன்புறம் செங்குத்தாகவும் பின்புறம் தாழ்ந்தும் இருந்த ஒரு குன்றின்மேல் கோட்டை இருந்தது என்றும், அது பேராக்கை அடுத்த டிண்டிங் ஆற்றின் உட்பகுதியில் இன்னும் நிற்கிறது என்றும் நூல் கூறுகிறது. மன்னன் போரில் மடிய, அவன் தங்கையைச் சூரான் மணக்கிறான். அடுத்து ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட லெங்கியு நாடு வீழ்கிறது. நூலின் கையெழுத்துப் படிகளுக்கிடையே இந்தப் பெயர் கெலாங்கி, கெலாங்கியு என்றெல்லாம் மாறும். அங்கிருந்து படை இன்றைய சிங்கப்பூரான தெமாசிக் வரை செல்கிறது. சீனப் பேரரசன் துருப்பிடித்த ஊசிகளையும் பல் கொட்டிய கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். சீனத்திலிருந்து கிளம்பியபோது தாங்கள் சிறுவர்கள் என்றும், ஊசிகள் தடித்த இரும்புக் கம்பிகளாக இருந்தவை என்றும் அவர்கள் சொல்ல, சீனம் எட்டாத் தொலைவு என நம்பி மன்னன் திரும்பிவிடுகிறான்.

பின்னர் கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி அங்கே ஓர் இளவரசியை மணப்பதும், அந்த வழித்தோன்றல்கள் பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் குன்றில் தோன்றி மலாய் அரச மரபைத் தொடங்குவதும் கதையின் அடுத்த கட்டம். சூரான், சூலான் என்ற பெயர்கள் படிக்குப் படி இடம் மாறுகின்றன. படையெடுத்தவனும் கடலில் இறங்கியவனும் சிலவற்றில் ஒருவனே. சிலவற்றில் பாட்டனும் பேரனும்.

கதையில் பல காலங்கள் கலந்திருக்கின்றன. கடலடிப் பயணம் மாவீரன் அலெக்சாண்டரைப் பற்றி மேற்காசியாவில் பரவிய கதைகளிலிருந்து வந்தது. மன்னனே இஸ்கந்தர் சுல்கர்னைனின், அதாவது அலெக்சாண்டரின், வழிவந்தவனாகக் காட்டப்படுகிறான். கெலிங் நாட்டில் எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் பிஜய நகரம் விஜயநகரத்தை நினைவூட்டுகிறது. விஜயநகரம் உருவானது 14ஆம் நூற்றாண்டில். சோழப் படை கடல் கடந்ததற்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு.

கல்வெட்டு தரும் பட்டியல்

முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை ஏறத்தாழ 1025இல் ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கியது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனது மெய்க்கீர்த்தி, கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை யானைப்படையோடு பிடித்ததையும், வென்ற ஊர்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் பல இன்று வரைபடத்தில் குறிக்கக்கூடியவை. இலங்காசோகம் பத்தானி வட்டாரத்து லங்காசுகா. மாதமாலிங்கம் தாய்லாந்தின் நக்கோன் சி தாமராட். இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை. மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள்.

இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டால் முக்கியமான ஒரு முரண் தெரிகிறது. கதை முற்றுகையை விவரிக்கும் கங்கா நெகாராவும் லெங்கியுவும் கல்வெட்டில் இல்லை. கல்வெட்டு முதன்மை தரும் கடாரம் கதையில் முற்றுகையிடப்படும் கோட்டைகளில் ஒன்றாக இல்லை.

கடாரம்: கிடைத்த ஊர்

கடாரம் எங்கே என்பதும் உடனே தெரிந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பர்மாவில் தேடினர். பெகுவில் கிடைத்த கருங்கல் தூண்கள் சோழரின் வெற்றித் தூண்களாகக் கருதப்பட்டன. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செடெஸ் 1918இல் ஸ்ரீவிஜயம் பற்றி வெளியிட்ட ஆய்வுக்குப் பின், கடாரம் இன்றைய கெடாவே என்ற கருத்து நிலைபெற்றது.

களச்சான்று அதற்கு முன்பே வெளிப்படத் தொடங்கியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ, 1830களிலும் 1840களிலும் செபராங் பிறையிலும் கெடாவிலும் கட்டட இடிபாடுகளையும் எழுத்துப் பொறித்த கற்களையும் பதிவுசெய்தார். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாலுமி புத்தகுப்தனின் கல்வெட்டு அவற்றுள் புகழ்பெற்றது. 1936-37இல் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் சுமார் 30 இடங்களை ஆராய்ந்தனர். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் புக்கிட் பத்து பஹாட் கோயிலை அகழ்ந்து மீட்டெடுத்தார். கருவறையும் அதன்முன் மண்டபமும் கொண்ட கட்டடம் அது. கருவறையின் அடியில் பொன், வெள்ளித் துண்டுகளும் மணிகளும் இட்ட சிறு கற்பேழைகள் கிடைத்தன. பெங்காலான் புஜாங்கில் சீனப் பீங்கான் சில்லுகளும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கும் உலைகளையும், படகுத்துறை எனக் கருதப்படும் செங்கல் அமைப்புகளையும் அகழ்ந்துள்ளனர்.

இவை அனைத்தும் பல நூற்றாண்டுகள் இயங்கிய வணிகத் துறைமுகத்தின் தடங்கள். சோழர் கோட்டை என்று சுட்டத்தக்க எதுவும் அங்கே கிடைக்கவில்லை. மெய்க்கீர்த்தி விவரிப்பது நகரங்களைத் தாக்கிச் செல்வத்தைக் கைப்பற்றிய படையை. நெடுங்கால ஆட்சியை அல்ல. அதனால் கோட்டை இல்லாததில் வியப்பில்லை. எஞ்சிய தடங்களும் பாதுகாப்பானவை அல்ல: 2013இல் ‘சண்டி 11’ என்று எண்ணிடப்பட்ட கோயில் இடிபாடு, நில மேம்பாட்டுப் பணியில் தரைமட்டமாக்கப்பட்டது தெரியவந்து நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

கங்கா நெகாரா: புருவாஸ்

டிண்டிங் ஆறு பற்றிய குறிப்பு தேடலைப் பேராக்கின் கடலோரத்துக்கு, குறிப்பாகப் புருவாஸுக்குக் கொண்டுசென்றது. அவ்வட்டாரத்தில் ஊர்மக்கள் நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த பானைகள், மிங் காலப் பீங்கான்கள், காசுகள், ஈயக் கட்டிகள், ஆயுதங்கள் ஆகியவை புருவாஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ‘பத்து ஆச்சே’ எனப்படும் பழைய இஸ்லாமியக் கல்லறைக் கற்களும் அங்குண்டு. இவற்றுள் பெரும்பகுதி மலாக்கா சுல்தான்களின் காலத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்தது. அப்போது புருவாஸ் ஒரு சிற்றரசு.

அதைவிடப் பழைய சான்றுகள் பேராக்கின் பிற இடங்களில் கிடைத்தன. கோலா செலின்சிங்கின் சதுப்பு நிலக் குடியிருப்பை ஐவர் எவன்ஸ் அகழ்ந்தபோது, ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த முத்திரைக்கல் ஒன்று கிடைத்தது. பிடோரின் ஈயச் சுரங்கத்தில் 1936இல் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டது. ஈயம் மிகுந்த இந்த மாநிலம் இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடும் பௌத்தத்தோடும் தொடர்பு கொண்டிருந்ததை இவை உறுதிசெய்கின்றன. ஆனால் கங்கா நெகாரா என்ற பெயர் பொறித்த கல்வெட்டோ, கதை சொல்லும் குன்றுக் கோட்டையோ கிடைக்கவில்லை.

கோத்தா கெலாங்கி: காட்டில் தேடிய நகரம்

கதையின் லெங்கியுவைப் போலவே, ஜொகூர் உட்காட்டில் பழங்கோட்டை ஒன்று இருப்பதாகப் பூர்வக் குடியினரிடையே வழங்கிய செய்தியை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அதிகாரிகள் பதிவுசெய்தனர். 2004இல் ஆய்வாளர் ரைமி சே ராஸ், பழைய ஏடுகளையும் வரைபடங்களையும் வான்படங்களையும் ஒப்பிட்டு, ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கோத்தா கெலாங்கி என்ற தொலைந்த நகரம் இருக்கலாம் என்று எழுதினார். 2005 பிப்ரவரியில் அது நாளிதழ்களின் தலைப்புச் செய்தியானது. மலேசிய மரபுடைமைத் துறையின் குழு காட்டுக்குள் சென்று தேடியது. சுவர் போலத் தோன்றியவை இயற்கைப் பாறை அமைப்புகளே என்றும், நகரத்தின் தடயம் இல்லை என்றும் 2006இல் அறிவிக்கப்பட்டது. பகாங்கின் ஜெராண்டுட் அருகே சுண்ணாம்புக் குகைகளுக்கும் கோத்தா கெலாங்கி என்றே பெயர். அவற்றைச் சுற்றியும் பழங்கதைகள் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கு

ராஜா சூரானின் பாதையில் கிள்ளான் இடம்பெறவில்லை. ஆனால் அதன் பழமை கதையின் காலத்தைவிட நெடுந்தொலைவு பின்னே செல்கிறது. 1905இல் கிள்ளானில் வெண்கல மணிகளும், 1944இல் அருகிலுள்ள புக்கிட் கூடாவிலும் 1964இல் பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங்கிலும் வெண்கல முரசுகளும் கிடைத்தன. முரசுகள் வட வியட்நாமின் தோங் சோன் பண்பாட்டைச் சார்ந்தவை. சுமார் 2,000 ஆண்டுகள் பழமையானவை. கதையோடு தொடர்புடைய சிலவற்றையும் இப்பள்ளத்தாக்கில் காணலாம். பிடோர் அவலோகிதேசுவரர் சிலை இப்போது பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே உள்ள கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சற்றுத் தள்ளி, கோலாலம்பூர் நகர நடுவில் செல்லும் ஜாலான் ராஜா சூலான், பேராக் அரச குடும்பத்தின் ராஜா சர் சூலான் பெயரைத் தாங்கியது. பழங்கதையின் மன்னர் பெயர் அந்தக் குடும்பத்தில் வழங்கிவந்ததற்குக் காரணம் உண்டு. 1528இல் மலாக்கா இளவரசர் ஒருவரால் நிறுவப்பட்ட பேராக் அரச மரபு, தன் வழியைப் புக்கிட் சிகுந்தாங் வரை கொண்டுசெல்கிறது. அங்கு தோன்றிய ஸ்ரீ திரி புவனாவுடையதாகக் கூறப்படும் ‘சூரா சி மஞ்சாகினி’ என்ற வாள் இன்றும் பேராக் முடிசூட்டுச் சின்னங்களில் ஒன்று.

கதையின் நிலப்படம்

1612இல் ஜொகூர் அரசவை ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்தது. ஜொகூர் அரசரைப் போலவே பேராக்கின் சுல்தான்களும் மலாக்கா மரபினர். கருங்கல் கோட்டையும் குன்றுக் கோட்டையும் ஜொகூர், டிண்டிங் ஆறுகளின் கரையில் அமைந்திருப்பதற்கு இதுவே ஏற்ற விளக்கம். நூலைத் தொகுத்தவர்கள் வாய்மொழியாக வந்த ஒரு பெரும் படையெடுப்பின் நினைவைத் தாங்கள் அறிந்த ஆறுகளின்மேல் அமைத்தனர். கெடா அவர்கள் மரபுக்கு வெளியே, மேரோங் மகாவங்சா என்ற சொந்தப் பழங்கதையோடு இருந்த தனி அரசு. ஆகவே சோழர் சென்ற துறைமுகங்களுக்குக் கல்வெட்டும் அகழாய்வும் வழிகாட்டுகின்றன. கதையோ, 17ஆம் நூற்றாண்டு மலாய் அரசவை தன் தோற்றத்தை எந்த நிலத்தோடும் எந்தப் பேரரசர்களோடும் இணைத்துப் பார்த்தது என்பதற்குச் சான்றாகிறது.