சோதிக்கிற மெஷினை யார் சோதிக்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் 'பீப்'னு ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே அது உண்டு. ஒரே ஒரு குட்டி பீப் வந்தா எல்லாம் நலம். வேற மாதிரி கத்தினா உள்ளே எங்கயோ கோளாறு. பவர்-ஆன் செல்ஃப் டெஸ்ட்னு பேரு. நாம 'தன்சோதனை'ன்னு வச்சுக்குவோம். இது எங்க களமருதூர் ஓட்டுச்சாவடிக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா வாங்க :-)

1970-கள்ல மல்டிமீட்டர் மாதிரி அளவுக் கருவிகளுக்குள்ள மைக்ரோபிராசஸர் நுழைஞ்சுது. ரிப்பேர் பண்றவங்களுக்குத் தலைவலி ஆரம்பம். அதுவரைக்கும் சர்க்யூட் படத்தை விரிச்சு வச்சு, அங்கங்கே வோல்டேஜ் பார்த்தாப் போதும். இப்போ எந்த ஒயரைத் தொட்டாலும் ஒரே மாதிரி துடிப்புதான் தெரியுது. எது சரி, எது தப்புன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

1977-ல் எச்.பி. கம்பெனி 5004ஏ-ன்னு ஒரு 'சிக்னேச்சர் அனலைசர்' கொண்டுவந்தது. அதோட முனையால ஒரு இடத்தைத் தொட்டா, அங்கே ஓடுற பிட்டுகளை எல்லாம் கசக்கிப் பிழிஞ்சு நாலே நாலு எழுத்தாக் காட்டும். அதுதான் அந்த இடத்தோட 'கையெழுத்து'. சரியான கையெழுத்து சர்வீஸ் புத்தகத்துல இருக்கும். ஒத்துப்போகலைன்னா அப்படியே பின்னாடி தேடிக்கிட்டே போக வேண்டியதுதான்.

அப்புறம் கருவிகளே தன்னைத்தானே சோதிச்சுக்க ஆரம்பிச்சுது. 1980-களின் டெக்ட்ரானிக்ஸ் 2465பி ஆஸிலோஸ்கோப்பை ஆன் பண்ணா, முதல்ல ரோம் (ROM) உள்ளே இருக்கிற எண்களைக் கூட்டிப் பார்க்கும். தற்காலிக நினைவகத்துல எழுதித் திருப்பிப் படிக்கும். சேமிச்சு வச்ச அளவுத்திருத்த எண்கள் சரியான்னு பார்க்கும். உள்ளே இருக்கிற பேட்டரி செத்து அந்த எண்கள் அழிஞ்சிருந்தா, திரையில 'டெஸ்ட் 04 ஃபெயில்'. பழைய ஸ்கோப் வாங்குறவங்களுக்கு இது ரொம்பப் பழகின செய்தி.

இங்கதான் ஒரு சிக்கல். பிராசஸரே செத்துட்டா 'ஃபெயில்'னு எழுத ஆள் ஏது? அதுக்குத்தான் எச்.பி. முறையில ஒரு வழி இருந்தது. டேட்டா பஸ்ஸைத் துண்டிச்சு, 'சும்மா இரு'ங்கிற ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து பிராசஸரை ஓட விடுவாங்க. வெளியிலேர்ந்து இன்னொரு கருவி கையெழுத்து பார்க்கும். அதாவது, வெளிச்சாட்சி. அதே மாதிரி, தன்சோதனையில பாஸான மீட்டர் 10 வோல்ட்டை 10-ன்னுதான் காட்டும்னு உத்தரவாதம் இல்லை. அதுக்குத் தனியா அளவுத்திருத்தம் பண்ணணும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஓட்டு மெஷின்னா பதிவர்களுக்கு உடனே ஞாபகம் வர்றது நம்ம வாத்தியார் சுஜாதா. பெங்களூரு பி.இ.எல்.லில் அந்த மெஷின் உருவாக்கத்துல அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982 மே மாசம் கேரளாவோட பரவூர் தொகுதியில 50 வாக்குச்சாவடிகள்ல முதல்முறையாப் பயன்படுத்தினாங்க. சட்டத்துல இடமில்லைன்னு 1984-ல் சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுட்டுது. அப்புறம் சட்டம் திருத்தி, 2001-ல் தமிழ்நாட்டுல எல்லாத் தொகுதிக்கும் வந்தாச்சு.

2013-க்கு அப்புறம் வந்த எம்-3 ரகம், ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தன்னை முழுசா சோதிச்சுக்கும்னு தேர்தல் ஆணையம் சொல்லுது. கல்வராயன் மலைக் கிராமங்களுக்குக் குலுங்கிக் குலுங்கிப் போற மெஷினுக்கு அது அவசியம்தான். ஒயர் கழண்டிருந்தா அங்கேயே தெரிஞ்சிடும்.

ஆனா ஆணையமும் அதோட விடலை, கவனிச்சீங்களா? ஓட்டுப்பதிவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி மாதிரி ஓட்டு. 7 மணிக்கு ஓட்டுப்பதிவுன்னா அஞ்சரைக்கு. ஏஜெண்டுகள் முன்னாடி குறைஞ்சது 50 ஓட்டு போட்டு, மெஷின் காட்டுற கணக்கையும் விவிபேட் சீட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். அப்புறம் எல்லாத்தையும் அழிச்சுட்டு, சீட்டுகளைக் கறுப்பு உறையில போட்டு சீல் வைப்பாங்க. இதுவும் அதே வெளிச்சாட்சிதான்.

டீக்கடையில ரெண்டு கட்சி உண்டு. "மெஷினே மோசடி"ன்னு ஒண்ணு. "மெஷின்தான் தன்னையே சோதிச்சுக்குதே, அப்புறம் என்ன?"ன்னு இன்னொண்ணு. என்னைக் கேட்டா ரெண்டுமே சரியில்லை. தன்சோதனை, உள்ளே என்ன உடைஞ்சிருக்குன்னு சொல்லும். சொன்னது உண்மையான்னு பார்க்க வெளியில ஆள் வேணும். அந்த ஆள் தூக்கக் கலக்கத்துல வந்து, சீட்டை எண்ணாமலே கையெழுத்துப் போட்டா, எந்த எம்-3 வந்தும் பிரயோஜனம் இல்லை.

உங்க ஊர்ல யாராவது ஏஜெண்டா உட்காரப் போறாங்கன்னா, அஞ்சரைக்கே போகச் சொல்லுங்க. சீட்டை அவங்களே ஒண்ணொண்ணா எண்ணிப் பார்க்கட்டும்.