மூன்றாம் இடத்தின் இரண்டு கணக்குகள்

1974 பொதுத்தேர்தலுக்கு முன் நெகிரி செம்பிலானின் கடலோரப் பால்மரக் காடுகளைச் சுற்றி ஒரு கோடு வரையப்பட்டது. தெலுக் கெமாங் என்ற புதிய நாடாளுமன்றத் தொகுதி பிறந்தது. 1977 தேர்தலுக்காக இலங்கையின் தேயிலை மலைகளைச் சுற்றி இன்னொரு கோடு. அங்கே பிறந்தது நுவரெலியா–மஸ்கெலியா. தமிழ்நாட்டின் அதே மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டுக்குள்ளும் இருந்தார்கள். இரு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தெலுக் கெமாங் ஒரு கடற்கரையின் பெயர். சுவா பெத்தோங், தானா மேரா, பிராட்வால், சிலியாவ் என்று தோட்டங்களை ஊராகச் சொல்லி வாழ்ந்தவர்களுக்கு, அவர்களுடைய தொகுதி மட்டும் உல்லாசப் பயணிகளின் மணலால் பெயர் பெற்றது. நுவரெலியா–மஸ்கெலியாவிலோ பெயரின் நடுவிலுள்ள சிறுகோடே ஒரு வரலாறு. 1947இல் இவை இரண்டு தனித் தொகுதிகள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அந்த ஆண்டு வென்ற ஏழு இடங்களில் இரண்டும் அடங்கும். நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதையொட்டி வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் வாக்காளர் பட்டியலைச் சுரண்டி எடுத்துவிட, 1952இல் ஏழும் போயின.

எல்லை நிர்ணயம் என்றால் வரைபடம்தான் நம் நினைவுக்கு வரும். உண்மையில் அது முதலில் எண்ணிக்கை. யாரை எண்ணுவது என்பதில்தான் இரு நாடுகளும் பிரிகின்றன. மலேசியா வாக்காளர்களை எண்ணியது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கிழவருக்கு வாக்கும் இல்லை, எல்லைக் கணக்கில் இடமும் இல்லை. குடிமகனுக்கான நீல அட்டை பெற்ற மகனுக்கு இரண்டும் உண்டு. இலங்கை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, மக்கள்தொகையை எண்ணியது. சோல்பரி யாப்பில் 75,000 பேருக்கு ஓரிடம், 1,000 சதுர மைலுக்கு ஓரிடம். நாடற்றவர் என்று தள்ளப்பட்ட தோட்டத் தொழிலாளியும் அந்த 75,000இல் ஒருவர். தலை எண்ணப்பட்டது, கை எண்ணப்படவில்லை. அந்தத் தலைகளால் மலைநாட்டுக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்தன; அவற்றை நிரப்பும் வாக்குகள் பக்கத்துக் கண்டிச் சிங்களக் கிராமங்களில் இருந்தன. மலேசியாவின் கணக்கு மறதி; இலங்கையின் கணக்கு, என் பார்வையில், அதைவிடக் கொடியது.

நிலப்பரப்பு விஷயத்தில் இரண்டும் திடீரென்று ஒன்றுபோல் பேசுகின்றன. கிராமப்புறத் தொகுதிக்குப் பரப்பின் பொருட்டுச் சலுகை தரலாம் என்று மலேசிய அரசியல் சாசனத்தின் பதின்மூன்றாம் அட்டவணை சொல்கிறது. இலங்கையின் சதுர மைல் கணக்குக்கும் அதே நோக்கம்தான். மலாய்க் கம்பத்தையும் கண்டிக் கிராமத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. பரந்த நிலமும் மெல்லிய சனமும் கொண்ட தோட்டத்துக்குத்தான் இவை கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஆனால் தோட்டத்தை யாரும் கிராமம் என்று கொள்ளவில்லை.

இனி விளைவு. தெலுக் கெமாங்கில் இந்தியர்கள் மலாய்க்காரர், சீனர்களுக்கு அடுத்த மூன்றாவது சமூகம். 2018இல் எடுத்த கணக்கில்கூட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். ஆனாலும் அங்கே 1974இல் கே. பத்மநாபன் முதல் 2008இல் தோற்ற எஸ். சோதிநாதன் வரை மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியினரே உறுப்பினர்கள். அந்த இடம் கோலாலம்பூர்க் கூட்டணி மேசையில் ஒதுக்கப்பட்டது. நுவரெலியா–மஸ்கெலியாவில் தலைக்கணக்கில் மிகுந்தவர்கள் தமிழர்கள். ஆனால் அது மூன்று உறுப்பினர் தொகுதி; ஒரு வாக்காளருக்கு மூன்று வாக்கு, விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே போடலாம். 1977இல் காமினி திசாநாயக்க முதலில் வந்தார், அநுர பண்டாரநாயக்க இரண்டாவது, தொண்டமான் மூன்றாவது. மக்கள் வாக்கால் அவர் நாடாளுமன்றம் புகுந்தது 1947க்குப் பிறகு அப்போதுதான்.

ஓரிடத்தில் எண்ணிக்கையில் மூன்றாமவர் இருக்கையில் முதல்வரானார். மற்றதில் எண்ணிக்கையில் முதல்வர் இருக்கையில் மூன்றாமவரானார். இந்தத் தலைகீழ்ச் சமன்பாட்டை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டிலும் தமிழ் உறுப்பினரை உள்ளே அனுப்பியது பெரும்பான்மை அல்ல, ஏற்பாடு. கூட்டணி ஏற்பாடு ஒரே தேர்தலில் முறியக்கூடியது, 2008இல் முறிந்தது. சட்டத்தில் எழுதிய ஏற்பாடு உறுதியானது என்று நினைப்போம்; ஆனால் 1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவரவே மூன்று உறுப்பினர் தொகுதி ஒரே பொதுத்தேர்தலோடு முடிந்தது. வாக்கெடுப்புப் பிரிவாக அதன் பெயர் மட்டும், சிறுகோடு உட்பட, இன்றும் இருக்கிறது. தெலுக் கெமாங்கில் நடந்தது எதிர்மாறு: நிலம் ஏறத்தாழ அப்படியே நிற்க, 2018இல் பெயர் போய்ப் போர்ட் டிக்சன் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் அன்வார் இப்ராகிம் இடைத்தேர்தலில் நின்று வென்றதும் உலகத்துக்கே தெரிந்த பெயராயிற்று.

கோடு நின்றது, சனம் நகர்ந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்துப் பிள்ளைகள் சிரம்பானுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். பலர் முகவரியை மாற்றவில்லை. மலேசியாவில் வாக்களிக்கும் வரிசையான சாலுரானை வயதுப்படி பிரிப்பார்கள். முதல் சாலுரானில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். தேர்தல் நாளில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாசலில் நின்றால் இது கண்கூடு. முதல் வரிசைப் பாட்டி எதிரிலிருக்கும் வீட்டிலிருந்து நடந்து வந்திருப்பார். கடைசி வரிசைப் பேரன் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் காரோட்டி வந்து, வாக்குப் போட்டுவிட்டு, பாட்டியை எங்கே சாப்பிட அழைத்துப் போகலாம் என்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பான்.