தெற்கே உறையும் கடல்: அந்தாட்டிக் கடற்பனியும் அதன் கணக்கும்

ஹோபார்ட் துறைமுகத்தில் இருந்து நேர் தெற்கே போனால் இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீற்றருக்கு மேல் கடல்தான். அதற்கப்பால் அந்தாட்டிக்கா. இந்தக் கடலின் ஒரு பெரும் பகுதி ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்தில் உறையத் தொடங்கி, செப்ரெம்பரில் உச்சத்தைத் தொட்டு, கோடையில் மீண்டும் உருகிவிடுகிறது. உச்சத்தில் சராசரியாக 1 கோடி 85 இலட்சம் சதுர கிலோமீற்றர் உறைந்திருக்கும். பெப்ரவரி முடிவில் அது 30 இலட்சமாகச் சுருங்கும். அவுஸ்திரேலியாவின் பரப்பு 77 இலட்சம் சதுர கிலோமீற்றர். ஆக, இரண்டு அவுஸ்திரேலியா அளவுக்கு ஒரு கடல் வருடாவருடம் உறைந்து உருகுகிறது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் முப்பது வருடம் வாழ்ந்த எங்களில் பலருக்கும் இது தெரியாது. பூமியில் நடக்கும் மிகப் பெரிய பருவகால மாற்றங்களில் ஒன்று, எங்கள் வாசலுக்குத் தெற்கே நடக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பனி உருகுகிறது" என்ற செய்தியில் மூன்று வேறு வேறு பனிகள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. நிலத்தின் மேல் சராசரியாக இரண்டு கிலோமீற்றர் தடிப்பில் கிடப்பது பனிப்படலம். அது முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 58 மீற்றர் அளவுக்கு உயரும். அந்தப் படலம் கரையைத் தாண்டி நீண்டு கடலில் மிதக்கும் பகுதி பனித்தட்டு. மூன்றாவதுதான் கடற்பனி. கடல்நீரே மறை 1.8 பாகை செல்சியஸில் உறைந்து உண்டாவது. தெற்கில் அதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மீற்றர் அளவுதான். ஏற்கனவே மிதந்துகொண்டிருப்பதால், அது உருகுவதால் மட்டும் கடல்மட்டம் உயர்வதில்லை. அப்படியானால் அதைப்பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். அதற்குப் போகும் முன், அதை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். வணிகமாணி படித்து, வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்த்தவன் நான். ஒரு தொகையைக் கண்டால் அது எப்படி எண்ணப்பட்டது என்றுதான் முதலில் கேட்பேன்.

செய்மதிகள் கடலில் இருந்து வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைப் பதிவு செய்கின்றன. நீரும் பனியும் வேறு வேறு அளவில் கதிர்வீசுவதால், இருட்டிலும் முகில் மூடிய நாளிலும் எங்கே பனி என்று கண்டுபிடிக்கலாம். கடலை 25 கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு சதுரத்தில் 15 வீதமாவது பனி இருந்தால் முழுச் சதுரமும் "பனிப்பரப்பு" என்ற கணக்கில் சேரும். 14 வீதம் என்றால் பூச்சியம். கணக்காளருக்கு இது புதிதல்ல. எங்கோ ஒரு கோடு கிழிக்க வேண்டும், கிழித்த கோட்டை வருடாவருடம் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். 1978 முடிவில் தொடங்கிய இந்தப் பதிவு இன்றுவரை தொடர்கிறது. அதன் மதிப்பே அந்தத் தொடர்ச்சியில்தான் இருக்கிறது.

நாற்பத்தைந்து வருடப் பதிவு நீளமானதுபோலத் தோன்றும். காலநிலைக்கு அது சிறிய காலம். அதற்கு முன் என்ன நடந்தது என்று அறிய அவுஸ்திரேலிய அந்தாட்டிக் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டி லா மெயர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் திறந்தது திமிங்கில வேட்டைக் கப்பல்களின் பேரேடுகளை. 1930களில் இருந்து, கொல்லப்பட்ட ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் திகதி, இடம், இனம், நீளம் எல்லாம் பதியப்பட்டன. திமிங்கிலங்கள் இரை தேடிப் பனியின் விளிம்புக்கு வரும். கப்பல்கள் பனிக்குள் போகமாட்டா. எனவே வேட்டை நடந்த தென்கோடி இடங்களைக் குறித்தால் அந்த வருடப் பனியின் விளிம்பு தெரியும். 1997இல் அவர் நேச்சர் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்: 1950களின் நடுப்பகுதிக்கும் 1970களின் தொடக்கத்துக்கும் இடையில் கோடைப் பனியின் விளிம்பு 2.8 பாகை, அதாவது முந்நூறு கிலோமீற்றர் அளவு, தெற்கே பின்வாங்கியது. பரப்பில் கால்வாசி போய்விட்டது.

எதிர்ப்பும் வந்தது. வேட்டையாடிய இனங்கள் காலப்போக்கில் மாறின. மாலுமி கண்ணால் காணும் விளிம்பும் செய்மதி காணும் விளிம்பும் ஒன்றல்ல என்றார்கள். நியாயமான கேள்விகள்தான். ஒரு நிறுவனத்தின் ஏட்டில் சந்தேகம் வந்தால் வங்கிக் கூற்றைக் கேட்பதுபோல, இங்கும் சம்பந்தமில்லாத இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. 2003இல் அது கிடைத்தது. கேசி நிலையத்துக்கு அருகில் உள்ள லோ டோம் என்ற இடத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டை மார்க் கரன் குழுவினர் ஆராய்ந்தனர். கடற்பனியோடு வாழும் பாசிகள் வெளிவிடும் கந்தக வாயு காற்றில் மாறி, ஓர் அமிலமாக நிலப்பனியில் படிகிறது. பனி கூடிய வருடத்தில் அந்த அமிலமும் கூடும். அவர்களின் கணக்குப்படி அந்தப் பக்கக் கடற்பனி 1950 அளவில் இருந்து ஏறத்தாழ 20 வீதம் குறைந்திருந்தது. திமிங்கில ஏடும் பனித்தண்டும் ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சாட்சிகள். தொகை சரியாக ஒத்துப்போகாவிட்டாலும் திசை ஒன்றுதான்.

செய்மதிக் காலத்தில் கதை வேறு பக்கம் திரும்பியது. வடக்கே ஆக்டிக் கடலில் பனி தொடர்ந்து சுருங்கி, 2012 செப்ரெம்பரில் 34 இலட்சம் சதுர கிலோமீற்றர் என்ற மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்தது. தெற்கிலோ மெல்லக் கூடிக்கொண்டே போனது. 2013 நத்தார் காலத்தில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ரேர்னி தலைமையில் சென்ற அக்கடமிக் ஷொகால்ஸ்கி என்ற ரஷ்யக் கப்பல் கொமன்வெல்த் குடாவுக்கு அருகில் பனியில் சிக்கியது. 2014 ஜனவரி 2ஆம் திகதி 52 பேரைச் சீனக் கப்பலின் ஹெலிகொப்டர் தூக்கி அவுஸ்திரேலியக் கப்பலான ஒரோரா ஒஸ்ராலிஸில் சேர்த்தது. வெப்பமாதலை ஆராயப் போனவர்கள் பனியில் மாட்டிக்கொண்டார்கள் என்று பத்திரிகைகள் சிரித்தன. காற்று ஒரு பக்கமாகப் பனியைத் தள்ளிக் குவித்ததுதான் அங்கு நடந்தது. அது ஒரு குடாவின் கதை. ஆனால் அந்த 2014 செப்ரெம்பரில் முழுப் பனிப்பரப்பும் 2 கோடி சதுர கிலோமீற்றரைத் தாண்டிச் சாதனை படைத்ததும் உண்மை. நம்பாதவர்கள் அந்த எண்ணை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இரண்டே வருடத்தில் கணக்கு கவிழ்ந்தது. 2016 இறுதியில் பனி திடீரென்று விழுந்தது. 2022 பெப்ரவரியில் முதல் தடவையாக 20 இலட்சத்துக்குக் கீழே போனது. 2023 பெப்ரவரியில் 17.9 இலட்சம். அந்தக் குளிர்காலம்தான் விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது: 2023 செப்ரெம்பர் உச்சம் 1 கோடி 69 இலட்சத்து 60 ஆயிரம், முந்தைய மிகக் குறைந்த உச்சமான 1986ஐ விட 10 இலட்சத்துக்கு மேல் குறைவு. பதினைந்து இலங்கைகளை அந்தக் கடலில் வைத்துப் பார்த்தால் பறிபோன பனி எவ்வளவு என்று விளங்கும்.

தஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டொட்ரிஜ் அப்போது சொன்ன ஒரு கணக்கு செய்திகளில் அதிகம் அடிபட்டது. எதுவுமே மாறவில்லை என்று எடுத்துக்கொண்டால், இப்படி ஒரு குளிர்காலம் 75 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். இதைச் சிலர் "அபூர்வமான தற்செயல்" என்று வாசித்தார்கள். எதுவும் மாறவில்லை என்ற எடுகோள்தான் பிழை என்பதே அதன் பொருள். அதே வருடம் அவரும் மெல்பேர்ன் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் அரியான் பியூரிச்சும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2007, 2016 ஆகிய இரு முறிவுப் புள்ளிகளை அவர்கள் காட்டினார்கள். மேற்பரப்புக்குக் கீழே உள்ள கடல்நீர் சூடாகியதால் பனி ஒரு புதிய நிலைக்குப் போயிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். மொனாஷ் வளாகத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடும் எங்கள் பெற்றோருக்கு, இந்த ஆராய்ச்சி அங்கே நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

இப்போது, ஏன் கவலை என்ற கேள்வி. பனி ஒரு கண்ணாடி என்பது பலரும் அறிந்தது. வெண்பனி மூடிய கடற்பனி சூரிய ஒளியில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். திறந்த கடல் 7 வீதம் அளவுதான். பனி குறைந்தால் கடல் சூட்டை விழுங்கும். சூடான கடல் அடுத்த வருடம் பனியைத் தாமதமாக்கும்.

அவ்வளவாகப் பேசப்படாதது உப்பின் வேலை. ஆனையிறவு உப்பளத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே வெயில் நீரை எடுத்துக்கொண்டு போக, உப்பு தங்குகிறது. இங்கே குளிர் நீரை உறையவைத்து எடுத்துக்கொள்ள, உப்பு பனிக்குள் இடமில்லாமல் கீழே உள்ள நீருக்குள் தள்ளப்படுகிறது. குளிர்ந்து, உப்பேறிக் கனத்த அந்த நீர் கடலின் அடிவரை இறங்கி, ஒட்சிசனையும் சுமந்துகொண்டு வடக்கே இந்து சமுத்திரத்துக்கும் பசிபிக்குக்கும் ஊர்ந்து போகிறது. இது நிகழும் முக்கிய இடங்கள் நான்கு. ஒன்று தஸ்மேனியாவுக்கு நேர் தெற்கே அடேலிக் கரை. இன்னொன்று மோசன் நிலையம் இருக்கும் பக்கம், டார்ன்லி முனை. நிலப்பனி உருகி நன்னீர் கலந்தால் கரையோர நீர் கனம் குறைந்து இறங்க மறுக்கும். அதிக உமிழ்வுப் பாதையில் போனால் இந்த ஆழ்கடல் ஓட்டம் 2050க்குள் 40 வீதத்துக்கு மேல் குறையும் என்று 2023இல் ஒரு கணிப்பு வந்தது. சிட்னியில் மத்தியூ இங்லன்ட், ஹோபார்ட்டில் ஸ்டீவ் ரின்ரூல் ஆகியோர் அதில் பங்காளர்கள். அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள ஆழ்கடலில் எடுத்த அளவுகளும் ஓட்டம் ஏற்கனவே தளர்ந்திருப்பதைக் காட்டின.

உயிர்களின் பாடு தனி. கூனி இறால் போலத் தோன்றும் கிரில்லின் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியின் அடியில் வளரும் பாசியைத் தின்று வாழ்கின்றன. 2022 இறுதியில் பெலிங்ஸ்ஹோசன் கடலில், பேரரசப் பென்குயின்கள் குஞ்சு வளர்க்கும் ஐந்து இடங்களில் நான்கில், இறகு முளைக்கும் முன்னரே பனி உடைந்துபோனது. குஞ்சுகள் தப்பியிருக்க வாய்ப்பில்லை.

ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்? கடற்பனி கடல்மட்டத்தை நேரடியாக உயர்த்தாது என்று மேலே சொன்னேன். மறைமுக வழி உண்டு. கடற்பனி அலையின் வேகத்தை அடக்கிப் பனித்தட்டுக்கு வேலியாக நிற்கிறது. 1995இல் லார்சன் ஏ, 2002இல் லார்சன் பி, 2008இல் வில்கின்ஸ் ஆகிய தட்டுகள் உடைந்தபோது முன்னே அந்த வேலி இல்லாமல் போயிருந்தது என்று ஹோபார்ட்டின் ரொப் மாசம் குழுவினர் 2018இல் காட்டினார்கள். தட்டு உடைந்தால் பின்னால் இருக்கும் நிலப்பனி வேகமாகக் கடலுக்குள் இறங்கும். 2100க்குள் அதிக உமிழ்வில் 63 சென்ரிமீற்றர் முதல் 1 மீற்றர் வரை கடல் உயரலாம் என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் மதிப்பீடு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படைதான் எங்கள் கிணறு. தீவுப்பகுதியில் ஏற்கனவே எத்தனையோ கிணறுகள் உவர். கடல் ஓரடி ஏறினாலும் உறுதியில் காணியின் பரப்பு அப்படியே இருக்கும். கிணற்று நீர்தான் மாறும்.

கடைசியாகப் பணம். 2023 நடுப்பகுதியில், பனி வரலாறு காணாத அளவுக்குக் குறைந்திருந்த அதே மாதங்களில், அவுஸ்திரேலிய அந்தாட்டிக் பிரிவு அந்த நிதியாண்டில் 2 கோடி 50 இலட்சம் டொலர் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. வெட்டு இல்லை, தற்காலிக நிதி முடிந்தது என்றது அரசு. வரவுசெலவுத் திட்டங்களை வாசித்துப் பழகிய எனக்கு அந்த வித்தியாசம் புரியும். களத்துக்குப் போக இருந்த ஆராய்ச்சியாளருக்கு அது ஆறுதல் தராது. செனட் விசாரணையும் நடந்தது. ஐம்பது கோடி டொலருக்கு மேல் செலவிட்டு 2021இல் வந்த நுயினா கப்பலோ, ஹோபார்ட்டின் தஸ்மன் பாலத்தின் கீழால் போய் எரிபொருள் நிரப்ப அனுமதி கிடைக்காமல் பேர்னித் துறைமுகம் வரை போய்வர வேண்டியதாயிற்று.

செய்மதித் தரவுக்கும் இதே நிலைதான். நாற்பது வருடத்துக்கு மேலான தொடர் பதிவின் பெரும்பகுதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செய்மதிகளில் இருந்து வந்தது. 2025 ஜூனில் அத்தரவை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்புக்குப் பின் கெடு நீடிக்கப்பட்டது. இதற்கிடையில் ஜப்பானியச் செய்மதிக்கு மாறும் வேலை தொடங்கியது. ஒரு கருவியில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது இரண்டும் சேர்ந்து ஓடும் காலம் ஒன்று வேண்டும்; அப்போதுதான் பழைய ஏட்டின் மீதியைப் புதிய ஏட்டுக்குச் சரியாகக் கொண்டுபோகலாம். பனிப்பரப்பின் அன்றாட அளவு கொலராடோவில் உள்ள அமெரிக்கத் தேசிய பனித் தரவு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெப்ரவரி கடைசியிலும் செப்ரெம்பர் நடுவிலும் பார்த்தால் போதும். அந்த இரண்டு எண்களில் வருடக் கணக்கு அடங்கும்.