மாதம் ஒன்பது நாப்கின்

'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்லி மூலையில் உட்கார வைத்த விஷயம், அரசாங்கத்தின் பட்ஜெட்டுக்குள் எப்போது வந்தது? ரொம்ப நாள் ஆகவில்லை.

2011-ல் மத்திய அரசு கிராமத்து வளரிளம் பெண்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தது. 'ஃப்ரீடேஸ்' என்ற பெயரில் 6 நாப்கின் கொண்ட பாக்கெட், விலை 6 ரூபாய். ஆஷா பணியாளர் வீடு தேடி வந்து விற்பார். மலிவுதான். ஆனால் அந்த 6 ரூபாயையும் ஒரு பெண் வீட்டில் கேட்டு வாங்க வேண்டுமே!

தமிழ்நாடு விலையையே எடுத்துவிட்டது. 2012 மார்ச்சில் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு நாப்கின் இலவசம். பள்ளி மாணவிகளுக்குப் பள்ளியிலேயே கிடைத்தது. கேட்க வேண்டிய கூச்சம் பாதி போனது. பிரசவித்த தாய்மாரும் சிறையிலிருந்த பெண்களும் கூட இதில் சேர்க்கப்பட்டார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 2 மாதத்துக்கு 3 பாக்கெட், வருடத்துக்கு 18. ஒரு பாக்கெட்டில் 6 என்றால் மொத்தம் 108, அதாவது மாதம் 9. நாளைக்கு மூன்று முறை மாற்றினால் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். நான்காம் நாள் பழைய துணி, இல்லாவிட்டால் பள்ளிக்கு லீவு.

கடையில் வாங்கலாம் என்றால் அங்கே வரி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பொட்டுக்கும் வளையலுக்கும் வரி இல்லை, நாப்கினுக்கு 12 சதவீதம்! எதிர்ப்பு கிளம்பி, 2018 ஜூலையில் விலக்கு தந்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். வரிவிலக்கு பெற்ற பொருளுக்கு, மூலப்பொருளில் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. அதனால் விலை முழு 12 சதவீதமும் குறைய வழியில்லை.

பிறகு விஷயம் நீதிமன்றம் போனது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஒரே சீரான கொள்கை வகுக்கச் சொன்னது. 2024 நவம்பரில் பள்ளி மாணவிகளுக்கான கொள்கைக்கு மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் தந்தது.

விற்பனையில் தொடங்கியது, இலவசமாகி, கொள்கையாகவும் ஆகிவிட்டது. பெரிய தூரம்தான். ஆனால் பாக்கெட்டை எண்ணுவது சுலபம். தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, குழாயில் தண்ணீர், மாற்றியதைப் போட ஒரு மூடிய தொட்டி... இவற்றையும் பள்ளி பள்ளியாக எண்ணினால்தான் அந்த ஒன்பது நாப்கினுக்கும் பலன் உண்டு.